சுகிர்தம் கழித்த பாட்டில்கள்

உத்தமபாளையம் கடைத்தெருவில் சோடா வாங்குகிறவர்கள் பாட்டிலைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்த்துவிட்டுத்தான் திறக்கச் சொல்வார்கள். அடியில் நீலச் சாயம் இருந்தால் மறுபேச்சு இல்லை. சிவப்பு இருந்தால் தாகத்தின் அளவைப் பொறுத்து யோசிப்பார்கள். நீலம் சுகிர்தத்தின் சோடா. சிவப்பு அம்மாவாசியின் சோடா. கடைகளில் காலி பாட்டில்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும் என்பதால் அந்தச் சாய அடையாளம். சந்தை நாளில் இரண்டு பேரும் அவரவர் நிறத்தைப் பொறுக்கி மாற்றிக்கொள்வார்கள்.

முப்பத்தேழாம் வருஷம் தை மாதம் நான் ஊர் திரும்பினேன். கொழும்பிலும் பினாங்கிலும் துரை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பல வருஷம் கப்பலும் ரயிலுமாகத் திரிந்தவளுக்கு, அண்ணன் ஜெபமணியின் வீட்டில் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே நடப்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. உட்கார்ந்தால் சுவர் கிட்டே வருவதுபோல் இருக்கும். பின்சுவருக்கு அந்தப் பக்கம் சுகிர்தத்தின் சோடாக் கொட்டகை. ஒருநாள் எட்டிப் பார்த்தவளை அவள் கூப்பிட்டாள்.

"சும்மா நிக்கிறதுக்கு இங்கன வந்து நாலு பாட்டிலைக் கழுவு ஆத்தா. கைக்கும் வேலை, கண்ணுக்கும் வேடிக்கை."

அதிலிருந்து காலைப் பொழுதெல்லாம் அங்கேதான்.

முன்பு அங்கே சக்கரம் சுற்றிச் சோடா மிஷினை ஓட்டியவர் அவள் கணவர் பலவேசம். கேஸ் நிரப்பும்போது ஒரு பாட்டில் வெடித்து இடது கண்ணைக் கொண்டுபோய்விட்டது. முகத்துக்குக் கம்பி வலை மாட்டுவது பொம்பளைப் பிள்ளைகள் வேலை என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் சக்கரத்தைத் தொடவில்லை. மிஷினை விற்றுவிடலாம் என்று உறவினர்கள் சொன்னார்கள். சுகிர்தம் அதே கம்பி வலையை முகத்தில் மாட்டிக்கொண்டு, கோணிச்சாக்கைத் தைத்துக் கைகளுக்கு உறையாகப் போட்டுக்கொண்டு, மறுமாதம் தானே நிரப்ப ஆரம்பித்தாள்.

தனியாகத் தொழில் நடத்துகிறவர்களை நான் பல துறைமுகங்களில் பார்த்திருக்கிறேன். பெரும்பாலானவர்கள் அன்றன்றைக்கு வருகிற நெருக்கடிக்கு ஓடுகிறவர்கள். சுகிர்தம் அப்படி இல்லை. முல்லையாற்றுத் தண்ணீரை முதல் நாளே கொண்டுவந்து, தேத்தாங்கொட்டை தேய்த்த பானையில் தெளியவிடுவாள். விடிந்ததும் கிழக்கு ஜன்னலில் ஒவ்வொரு பாட்டிலையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துச் சுற்றிப் பார்ப்பாள். பிறகு நகத்தால் தட்டுவாள். நல்ல பாட்டில் கணீரென்று பேசும். உள்ளே கீறல் இருந்தால் சத்தம் செத்திருக்கும். அதை ஒதுக்கிவிடுவாள். வெயில் ஏறினால் கேஸ் முரண்டு பிடிக்கும் என்று உச்சிப்பொழுதுக்கு முன் மிஷினை நிறுத்திவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோவில், அன்று கொட்டகைக் கதவு திறக்காது.

இன்னொரு வழக்கமும் வைத்திருந்தாள். மனசு சரியில்லாத நாளில் சக்கரத்தைத் தொடமாட்டாள்.

"கோவத்துல சுத்துனா நமக்குத் தெரியாமலே ரெண்டு சுத்து கூடப் போயிரும். பாட்டிலுக்கு நம்ம சண்டை தெரியுமா?" என்பாள்.

பலவேசம் வாசல் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். காலி பாட்டில்களை எண்ணி வாங்குவதும் போகிறவர் வருகிறவரோடு பேசுவதும் அவர் வேலை. "பொண்டாட்டி சம்பாத்தியம் எப்படி இருக்கு அண்ணாச்சி?" என்று யாராவது சீண்டினால் கோபித்துக்கொள்ளமாட்டார்.

"ஒத்தக் கண்ணுக்கு ஒத்த வேலைப்பா. அவ பாக்குறது சோடா. நான் பாக்குறது அவளை. நீ வேணா மாத்திக்கிறியா?"

தெருவே சிரிக்கும். ஊரில் அவர் வாய்க்கு எதிர்வாய் கிடையாது.

பங்குனிக் கடைசியில் மொக்கம்மாள் வந்தாள். வீரபாண்டித் திருவிழாவில் வருஷா வருஷம் சோடாக் கடை போடுகிறவள். கட்டை வைத்துத் திறக்கமாட்டாள். பெருவிரலாலேயே கோலியை அமுக்கிச் சோடாவைச் சீறவிடுவாள். அதைப் பார்க்கவே இளவட்டங்கள் கூடும்.

"ஏ சுகிர்தம், இந்தச் சித்திரைக்கு எனக்கு ரெண்டு மடங்கு சோடா வேணும். கூட்டம் பொங்கப் போகுதுன்னு சொல்றாக."

"போன வருசம் குடுத்ததுதான் மயினி. அதுக்கு மேல என் கையில ஆகாது."

"ஞாயித்துக்கிழமையும் சுத்து. உங்க சாமி ஒருநாள் கண்ணை மூடிக்கிட மாட்டாரா?"

"சாமி மூடிக்கிருவாரு. நான் கண்ணை மூடிக்கிட்டா எப்படிப் பாட்டில் பாக்குறது?"

"பாக்காமத்தான் நெரப்பு. அம்மாவாசி பாக்குறானா? அவன் பாட்டில் எல்லாம் என்ன வெடிச்சா போகுது?"

"அப்ப அவருகிட்டயே வாங்கிக்கங்க."

மொக்கம்மாள் புடவையை உதறிக்கொண்டு எழுந்தாள். "உன் கைராசிக்குத்தான் வந்தேன். நீ ராணியாட்டம் பேசுற. சரி, உன் பங்கு நீ குடு. மிச்சத்தை அவன்கிட்ட வாங்கிக்கிறேன்."

அவள் போனபின் பலவேசம் வாசலிலிருந்தே சொன்னார். "வந்த வேவாரத்தைத் தொரத்துறதுக்குன்னே ஒரு கடை வச்சிருக்கா எம் பொண்டாட்டி."

சுகிர்தம் சிரித்தாள். ஆனால் அன்று அதற்குமேல் அவள் நிரப்பவில்லை.

கழித்த பாட்டில்கள் கொல்லையில் ஒரு சாக்கில் கிடக்கும். பழைய பாட்டில் எடுக்கிற கருத்தக்கண்ணன் மாதம் ஒருமுறை தள்ளுவண்டியோடு வந்து அவற்றை வாங்கிக்கொண்டு பேரீச்சம்பழம் கொடுப்பான். மதுரைக்குப் போய் உருக்கிவிடுவார்கள் என்று அவன் சொல்வான். எனக்கு ஒன்று உறுத்தியது. கீறல் என்று தெரிந்த பாட்டிலை முழுசாக ஏன் கொடுக்கவேண்டும்? உடைத்துச் சில்லாகக் கொடுத்தாலும் உருக்கத்தானே போகிறார்கள்?

"கோழி கெடக்கு கொல்லையில. சில்லு காலுல ஏறும்" என்றாள் சுகிர்தம், என் முகத்தைப் பாராமல்.

காரணம் கோழி இல்லை என்று சீக்கிரமே தெரிந்தது. ஒரு காலையில் பூனை ஒன்று அலமாரியிலிருந்து பாட்டிலைத் தள்ளிவிட்டது. கல்தரையில் விழுந்து பெரிய சத்தத்தோடு சிதறியது. நான் துடைப்பத்தைத் தேடினேன். சுகிர்தம் சில்லைத் தாண்டிக் குதித்து வாசலுக்கு ஓடினாள். பின்னாலேயே போனேன்.

பலவேசம் பெஞ்சில் இல்லை. பெஞ்சுக்கும் சுவருக்கும் இடையில் ஒடுங்கி, இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. வேட்டி நனைந்திருந்தது. சுகிர்தம் கதவைச் சாத்தினாள். அவர் தலையைத் தன் மேல் சாய்த்துக்கொண்டு, "பூனைங்க. வெறும் பூனை. மிஷின் இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பிறகு கொல்லையில் என்னிடம் பேசினாள்.

"கண்ணாடி ஒடையிற சத்தம் கேட்டா இப்படித்தான். கண்ணு போனதுக்காக மிஷினை விட்டாகன்னு ஊரு நெனைக்குது. அப்படியே நெனைக்கட்டும். கடைத்தெருவுல அவுகளுக்குன்னு மிச்சம் இருக்கிறது அந்த வாய்ப்பேச்சு ஒண்ணுதான். இது தெரிஞ்சா அதையும் பிடுங்கிருவானுக. வெளியில மூச்சு விடாத ஆத்தா."

நான் விடவில்லை.

சித்திரைத் திருவிழா வந்தது. மொக்கம்மாளுக்குத் தன் பங்கை அனுப்பிவைத்தாள் சுகிர்தம். தேருக்கு மறுநாள் வீரபாண்டியிலிருந்து வந்தவர்கள் சேதி சொன்னார்கள். மொக்கம்மாள் கையில் பாட்டில் வெடித்துவிட்டது. பெருவிரல் நரம்பு அறுந்துவிட்டது. தேனி ஆஸ்பத்திரியில் தைத்திருக்கிறார்கள். வெடித்தது நீலப் பாட்டில்.

சுகிர்தம் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். "நான் பாத்துத்தான் அனுப்புனேன். ஒவ்வொண்ணையும் பாத்தேனே" என்றாள்.

மறுவாரம் சிக்கந்தர் ராவுத்தர் ஆளனுப்பினார். கடைத்தெருவில் பெரிய கடை அவருடையது. சோடா விற்கிற சின்னக் கடைக்காரர்கள் எல்லாரும் அவர் சொல்வதைக் கேட்பார்கள். அசர் தொழுகைக்கு முன் வரச்சொல்லியிருந்தார். சுகிர்தம் போனாள். பலவேசம் பின்னால் வந்தார். நானும் போனேன்.

ராவுத்தர் கடையில் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். மொக்கம்மாள் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு துணியில் பாட்டிலின் அடிப்பாகம். நீலம்.

"அம்மாவாசி, இது நீ குடுத்த சரக்குல வந்துச்சுன்னு மொக்கம்மா சொல்லுது. நீ சொல்லு" என்றார் ராவுத்தர்.

"நான் என்னத்தச் சொல்ல? எனக்குச் சரக்குப் பத்தல. சந்தையில நீலச் சோடா கெடைச்சுச்சு, வாங்கி மொக்கம்மாக்காவுக்குக் குடுத்தேன். நெரப்புனது அந்தம்மா. என்னைய ஏன் கூப்பிட்டீக?"

எல்லார் கண்ணும் சுகிர்தத்தின் மேல் திரும்பியது. 'நான் நெரப்பல' என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவே ஊர் எந்தப் பக்கம் நம்பும் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும், அம்மாவாசிக்கும் தெரியும்.

சுகிர்தம் குனிந்து அந்தக் கண்ணாடியை எடுத்தாள். கடை வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அடியிலிருந்து மயிரிழைபோல் ஒரு கோடு சாய்வாக ஏறியிருந்தது. நானே கழுவிய பாட்டில். அவள் மாசியில் தட்டிப் பார்த்து ஒதுக்கியது எனக்கும் நினைவு வந்தது.

"இது என் பாட்டில்தான் ராவுத்தரே. ஆனா நான் நெரப்பல. இது நான் கழிச்சது. கருத்தக்கண்ணன்கிட்டப் போட்டது."

அம்மாவாசியின் முகம் கறுத்தது. ராவுத்தர் அவனையே பார்த்தார். அவன் தாங்கவில்லை.

"சரி, அவன்கிட்டத்தான் வாங்குனேன். அதுக்கென்ன? பாட்டில்னு குடுத்தான், பாட்டில்னு வாங்குனேன். கழிச்சதுன்னு அதுல எழுதியா ஒட்டியிருந்துச்சு? முழுப் பாட்டில், நீலச் சாயத்தோட. அந்தம்மா பாட்டில்னா நல்லதாத்தான் இருக்கும்னு நம்பித்தான் நெரப்புனேன்."

பொய் சொன்னவன்தான். ஆனால் கடைசியாகச் சொன்னது பொய்யில்லை. கூட்டத்தில் இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

ராவுத்தர் சுகிர்தத்தைக் கேட்டார். "கீறல்னு தெரிஞ்சிருக்கு உனக்கு. ஏன்மா ஒடைக்கல?"

அவள் கண்ணாடியைத் திரும்பத் துணியில் வைத்தாள்.

"ஒரு கல்லுல ஒரு போடு. அம்புட்டு வேலைதானே? இத்தனை பாக்குறவ, அதை ஏன் விட்ட?"

பலவேசம் கடை நிலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒற்றைக் கண் தெருவில் போகிற மாட்டுவண்டியின் மேல் இருந்தது. வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். நான் சொல்லிவிட ஓர் அடி முன்னால் வைத்தேன். சுகிர்தம் என் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான்.

"சோம்பல்" என்றாள்.

மொக்கம்மாள் சட்டென்று நிமிர்ந்தாள். "என்னது? நீ சோம்பேறின்னா இந்த ஊர்ல சுறுசுறுப்பா இருக்கிறது யாரு, செத்தவனா? எங்கிட்டயே கத விடுறியா? பேரீச்சம்பழத்துக்கு ஆசைப்பட்டேன்னு சொல்லு. நாக்கு ருசிக்கு என் கையைக் கொண்டுபோயிட்ட. சில்லாக் குடுத்தா பழம் கொறைச்சலாக் குடுப்பான்னு முழுசாக் குடுத்திருக்க!"

யாரோ சிரித்தார்கள். சுகிர்தம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்படியே வச்சுக்கங்க மயினி" என்றாள்.

ராவுத்தர் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். "நெரப்புனவனும் தப்பு. ஒடைக்காம விட்டவளும் தப்பு. இனி நான் சொல்ற வரைக்கும் இந்தத் தெருவுல நீலமும் வேணாம், செகப்பும் வேணாம். கம்பத்துலயிருந்து சோடா எறக்கிக்குவோம்."

வீடு திரும்பும்போது பலவேசம் எங்களுக்கு வெகுதூரம் முன்னால் நடந்தார். தெருவில் ஒருவன், "என்ன அண்ணாச்சி, பேரீச்சம்பழம் தித்திப்பா இருந்துச்சா?" என்று கேட்டான். அவர் பதில் சொல்லாமல் போனதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

மறுநாளே கடைகளிலிருந்து நீலப் பாட்டில்கள் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. சிலர் திறக்காத சோடாவையும் அனுப்பிவிட்டார்கள். மிஷின் மேல் சாக்கைப் போட்டு மூடினாள் சுகிர்தம். அம்மாவாசி ஆண்டிபட்டிப் பக்கம் மாமனார் ஊருக்குப் போய்விட்டான்.

சுகிர்தம் எங்கும் போகவில்லை. மொக்கம்மாளுக்குப் பெருவிரல் மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். திருவிழா இல்லாத நாளில் எங்கள் ஊரில் பஸ் நிற்கும் இடத்தில்தான் மொக்கம்மாளின் கடை. கட்டுப்போட்ட கையோடு அவள் கடை திறந்த முதல் நாள் சாயங்காலம் சுகிர்தம் அங்கே போய் ஒன்றும் சொல்லாமல் கட்டையை எடுத்துப் பாட்டில்களைத் திறந்து கொடுக்க ஆரம்பித்தாள். எல்லாம் கம்பத்துச் சோடா.

"போடி, ஒன் முகத்துலயே முழிக்கக் கூடாதுன்னு இருக்கேன்" என்றாள் மொக்கம்மாள்.

"முழிக்காதீக. அந்தப் பக்கம் திரும்பிக்கங்க. பஸ்காரரு சோடா கேக்குறாரு."

அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டே மொக்கம்மாள் சில்லறை வாங்கினாள். மறுநாளும் சுகிர்தம் போனாள். ஆனி முழுக்கப் போனாள். மற்றவர் நிரப்பிய பாட்டில்களையும் திறப்பதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மொக்கம்மாள் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

வீட்டில் பலவேசம் வாசல் பெஞ்சை விட்டு உள்ளே வந்துவிட்டார். சாப்பிடுவார், படுப்பார். ஒருநாள் நாங்கள் திரும்பிவந்த பாட்டில்களைப் பார்த்துத் தரம் பிரித்துக்கொண்டிருந்தோம். கீறல் விழுந்தவை ஒரு ஓரத்தில் சேர்ந்தன. அவர் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அதை என்ன செய்யப் போற?"

"ஆத்துக்குக் கொண்டுபோயி ஒடைச்சுட்டு வரலாம்னு இருக்கேன்."

"தெனமும் ஆத்துக்குப் போவியா? பொழுதும் போயிரும், ஒன் முதுகும் போயிரும். இங்கனயே ஒடை."

"வேணாங்க."

"ஒடைன்னா ஒடை. ஆனா சொல்லிட்டு ஒடை. நான் சரின்னு சொன்னதுக்கப்புறம் ஒடை."

அவர் வாசலுக்குப் போய் உட்கார்ந்தார். சுகிர்தம் பாட்டிலைச் சாக்கில் நாலு மடிப்பாகச் சுற்றி ஆட்டுரலுக்குள் வைத்தாள். சுத்தியலை எடுத்தாள்.

"ஒடைக்கட்டுமா?"

சுத்தியலைத் தூக்கியபடியே காத்திருந்தாள்.

"சரி."

சாக்குக்குள் சத்தம் அமுங்கித்தான் கேட்டது. ஆனாலும் வாசல் பக்கம் பெஞ்சு தரையில் இழுபட்டது. சுகிர்தம் சுத்தியலை வைத்துவிட்டு எழுந்தாள்.

"வராத" என்றது அவர் குரல். "இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"சொல்லு."

அன்று மூன்று உடைந்தன. நான்காவதற்கு அவர் வாந்தி எடுத்துவிட்டார்.

சுகிர்தம் தன் வழக்கங்களோடு புதிதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டாள். கழித்த பாட்டில் ஒன்றாவது உடையாமல் முழுசாக இருக்கும்வரை புதிதாக ஒரு பாட்டில்கூட நிரப்புவதில்லை. கருத்தக்கண்ணன் வந்தால் சில்லுச் சாக்கைத்தான் காட்டினாள். அவன் பழத்தைக் குறைத்துக் கொடுத்தான். அதையும் அவள் வாங்கவில்லை.

ஆடி கழிந்து ராவுத்தர் ஒரு பெட்டி சோடா கேட்டு ஆளனுப்பினார். ஒரே ஒரு பெட்டி. "பாத்து அனுப்பச் சொன்னாக" என்றான் வந்தவன். மற்றக் கடைக்காரர்கள் ராவுத்தர் கடையில் நீலம் எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மொக்கம்மாள் கம்பத்துச் சோடாவையே வைத்திருந்தாள்.

புரட்டாசியில் எனக்குக் கொழும்பிலிருந்து மறுபடி அழைப்பு வந்தது. போகிறேன் என்று சொல்லப் போனபோது பலவேசம் என்னைக் கேட்டார்.

"நீ பத்திரிகைக்கு எழுதுவியாமே, ஜெபமணி சொன்னாக. இதை எழுதுவியா?"

"நீங்க வேணாம்னா எழுதமாட்டேன் அண்ணே."

"எழுது. அன்னிக்கு ராவுத்தர் கடையில அவ சோம்பல்னு சொன்னப்ப நான் அங்கனதான் நின்னேன். நின்னேன்னு எழுது. என்னால இன்னும் அந்தக் கடைக்குள்ள போயி அதைச் சொல்ல முடியல. அச்சுல வந்தா அவுகளே படிச்சுக்கிருவாக."

அதனால்தான் எழுதுகிறேன்.

நான் புறப்பட்ட காலையில் ராவுத்தர் கடைக்கு இரண்டாவது பெட்டி போகவேண்டியிருந்தது. தண்ணீர் தெளிந்திருந்தது. புது கேஸ் உருளை தேனி ஸ்டேஷனிலிருந்து வந்து இறங்கியிருந்தது. கழித்த பாட்டில் ஒன்று ஆட்டுரலுக்குள் சாக்கில் சுருண்டு கிடந்தது. சுகிர்தம் கம்பி வலையை நெற்றிக்கு மேல் தூக்கிவிட்டுக்கொண்டு, "ஒடைக்கட்டுமா?" என்று கேட்டாள்.

வாசலிலிருந்து பதில் வரவில்லை. அவர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். முதுகு தெரிந்தது. கைகள் பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தன. வெயில் ஜன்னலுக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தது. ராவுத்தர் கடை ஆள் காலிப் பெட்டியோடு தெருவில் காத்து நின்றான்.

அவள் இரண்டாம் முறை கேட்கவில்லை. சுத்தியலைக் கீழே வைத்தாள். சாக்கைப் பிரித்துப் பாட்டிலை எடுத்து மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். வாசலுக்குப் போய்க் கடை ஆளிடம், "இன்னிக்கு இல்லன்னு ராவுத்தர்கிட்டச் சொல்லிருப்பா" என்றாள். பிறகு கணவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். மிஷின் அன்று ஓடவில்லை.